எந்தக் கட்டத்தில் தேடுவது?

நூலகக் கணினியில் 'சுந்தர ராமசாமி ஒரு புளியமரத்தின் கதை' என்று தட்டினேன். முடிவுகள் 0 என்றது. புத்தகம் எனக்குப் பின்னால் நாலடி தள்ளி, முதுகில் எழுத்து மங்கிப்போய், அலமாரியில் நின்றுகொண்டிருந்தது. 'ராமசாமி' என்று மட்டும் கேட்டால் வந்தது. 'புளியமரத்தின் கதை' என்றாலும் வந்தது. 'சுந்தர ராமசாமி புளியமரத்தின் கதை' என்றால்கூட வந்தது. 1966ல் வெளிவந்த அந்த நாவலின் முழுப் பெயரையும் ஓர் எழுத்து விடாமல் கொடுத்தால் மட்டும் கைவிரித்தது. நூலகர் சிரித்துக்கொண்டே, "ரொம்ப விவரமா கேட்டா அதுக்குக் குழம்பிடும் சார்" என்றார்.

அது குழம்பவில்லை என்பதுதான் சங்கடம். கொடுத்த கட்டளையை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியிருந்தது. 'ஒரு' என்ற ஒற்றைச் சொல் என் தேடலை எப்படிக் கவிழ்த்தது என்று புரிய வேண்டுமானால், தேடல் பெட்டிக்குள் விழுந்த ஐந்து சொற்களும் அங்கிருந்து எங்கெங்கே போகின்றன என்று பின்தொடர வேண்டும்.

கணினி வருவதற்கு முன்பு நூலகத்தில் நுழைந்ததும் சின்னச் சின்ன இழுப்பறைகள் வைத்த மரப்பெட்டி ஒன்று நிற்கும். ஒவ்வொன்றிலும் கம்பி கோத்த அட்டைகள். புதிதாக ஒரு புத்தகம் வந்தால் ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை, தலைப்பில் ஓர் அட்டை, பொருள் வாரியாக ஒன்றிரண்டு அட்டைகள் என எழுதி அந்தந்த இழுப்பறையில் சேர்ப்பார்கள். ஆசிரியர், தலைப்பு, பொருள் ஆகிய மூன்றில் எதை அறிந்து வந்தாலும் வாசகர் புத்தகத்தை அடைய வேண்டும் என்று 1876லேயே அமெரிக்க நூலகர் சார்லஸ் கட்டர் விதி வகுத்துவிட்டார். சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவர். 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான பிறகு அவர் இதில் இன்னும் ஒரு படி மேலே போனார். நெற்பயிர் நோய் பற்றிய நூல் என்றால் அதன் வகைப்பாட்டு எண்ணே ஒரு சங்கிலி: வேளாண்மை, பயிர், நெல், நோய். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு குறிப்பு எழுதிவிட்டால் வாசகர் எந்தக் கண்ணியைப் பிடித்து இழுத்தாலும் புத்தகம் வந்து சேரும்.

இந்த ஏற்பாட்டில் பலவாகப் பெருகியது புத்தகம். ஒரு நூலுக்கு ஐந்தாறு அட்டைகள். வாசகரின் கேள்வி மட்டும் ஒன்றாகவே இருந்தது. எந்த இழுப்பறையை இழுப்பது என்று அவரே முடிவுசெய்துகொண்டார். 'கல்கி' என்ற சொல்லோடு வருகிறவருக்குத் தனக்கு வேண்டியது எழுத்தாளரா, 1941ல் தொடங்கிய பத்திரிகையா, பத்தாவது அவதாரமா என்பது தெரியும். அதற்கேற்ற பெட்டிக்கு முன்னால் போய் நின்றார்.

தேடல் பெட்டி வந்ததும் அந்த முடிவெடுக்கும் வேலை கைமாறியது. திரையில் இருப்பது ஒரே ஒரு வெற்றுக் கோடு. நாம் ஆசிரியர் பெயரையும் தலைப்பில் பாதியையும் ஒன்றாகக் கொட்டுகிறோம். எது எது என்று சொல்வதில்லை. சொல்லச் சொன்னால் எரிச்சல்படுவோம். பல தளங்களில் 'விரிவான தேடல்' என்று தனித்தனிப் பெட்டிகளோடு ஒரு பக்கம் இருக்கத்தான் செய்கிறது. அதை மனமுவந்து பயன்படுத்துகிற ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

ஆனால் உள்ளே, புத்தகத்தின் விவரங்கள் இன்னும் பழைய இழுப்பறைகளைப் போலத் தனித்தனியாகவே கிடக்கின்றன: தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பொருள், குறிப்புரை, ஆண்டு. நிரல் எழுதுகிறவர்கள் ஒவ்வொன்றையும் ஃபீல்டு என்பார்கள். கலைச்சொல் அகராதியில் புலம். விண்ணப்பப் படிவம் நிரப்பிப் பழகிய நமக்குக் கட்டம் என்றால் சட்டென்று விளங்கும். வாசகர் எந்தக் கட்டத்தை மனதில் வைத்துக் கேட்டார் என்று தெரியாததால், தேடுபொறி அவருடைய கேள்வியையே நகலெடுத்து எல்லாக் கட்டங்களுக்கும் ஆளனுப்புகிறது. அன்று புத்தகம் பெருகியது போல இன்று கேள்வி பெருகுகிறது.

இவ்வளவு எதற்கு, எல்லாக் கட்டங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி அதில் தேடினால் போதாதா? செய்து பார்த்திருக்கிறார்கள். எலாஸ்டிக்சர்ச் என்ற புகழ்பெற்ற தேடுபொறியின் ஆரம்பப் பதிப்புகள் அப்படி ஒரு மூட்டையைத் தாமாகவே கட்டிவைத்தன. பிறகு அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். மூட்டைக்குள் போனதும் எல்லாச் சொல்லும் ஒரே நிறமாகிவிடுகிறது. கல்கி எழுதிய புத்தகமும், பின்னட்டைக் குறிப்பில் 'கல்கியின் நடையை நினைவூட்டும்' என்று ஒரு வரி இருக்கிற புத்தகமும் அங்கே சமம். ஒரு சொல் எங்கே நிற்கிறது என்பதே ஒரு செய்தி. 1998ல் செர்கே பிரின்னும் லாரி பேஜும் கூகுளை விளக்கி எழுதிய ஆய்வுக்கட்டுரையில், சொல் பக்கத்தின் தலைப்பில் வந்ததா, முகவரியில் வந்ததா, பெரிய எழுத்தில் வந்ததா, பிறர் அந்தப் பக்கத்துக்குக் கொடுத்த இணைப்பின் வாசகத்தில் வந்ததா என்று பிரித்து, இடத்துக்கு இடம் வேறு எடை கொடுத்தார்கள். இணைப்பு வாசகம் என்பது உங்களைப் பற்றி ஊரார் எழுதிவைத்த கட்டம். நீங்களே எழுதிக்கொண்ட தலைப்பைவிடச் சில சமயம் அது நம்பகமானது.

சரி, ஆளனுப்புவது என்று முடிவாகிவிட்டது. எப்படி அனுப்புவது? ஒரு தாளில் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். மேலே குறுக்காகக் கேள்வியின் சொற்கள்: கல்கி, பொன்னியின், செல்வன். இடப்பக்கம் நெடுக்காகக் கட்டங்கள்: தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், குறிப்புரை. மூன்று சொல், நான்கு கட்டம், பன்னிரண்டு சதுரங்கள். ஒரு புத்தகத்தை எடுத்து, எந்தச் சொல் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அந்தச் சதுரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். 'பொன்னியின் செல்வன்' நாவலுக்குத் தலைப்பு வரியில் இரண்டு புள்ளி, ஆசிரியர் வரியில் ஒரு புள்ளி.

வாசகர் கொடுத்த எல்லாச் சொல்லும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்தப் புத்தகம் தேறுமா? குறுக்கே வரி வரியாகப் படித்தால் தேறாது. தலைப்பு வரியில் கல்கி இல்லை. ஆசிரியர் வரியில் பொன்னி இல்லை. எந்த வரியிலும் மூன்று புள்ளி சேரவில்லை. நெடுக்கே, சொல் சொல்லாகப் படித்தால் தேறுகிறது: ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே எங்கேனும் ஒரு புள்ளி இருக்கிறது. கேள்வியை விரிக்கும் கலையில் உள்ள பெரும்பாலான சிக்கல்கள் இந்தத் தாளைக் குறுக்கே படிப்பதா நெடுக்கே படிப்பதா என்பதில்தான் முளைக்கின்றன. டக் கட்டிங் எழுதி 2001ல் அப்பாச்சி அறக்கட்டளையின் குடைக்குள் வந்த லூசீன் நிரலகத்தில், பல கட்டத் தேடலுக்கென்றே உள்ள கருவி நெடுக்கே படிக்கும். அதே லூசீனின் மேல் கட்டப்பட்டு 2010ல் வந்த எலாஸ்டிக்சர்ச்சில், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் குறுக்கே படிக்கும். எல்லாச் சொல்லும் வேண்டும் என்ற நிபந்தனையை அங்கே போட்டுவிட்டு, ஏன் எதுவும் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இந்தத் தொழிலில் நுழைகிற எல்லாருக்கும் ஒரு சடங்கு.

இடையில் ஒரு வேடிக்கை. ஆண்டு என்ற கட்டம் எண்களை மட்டுமே அறியும். அதனிடம் போய் 'செல்வன் இருக்கிறாரா' என்று கேட்டால் இல்லை என்று சொல்லாது. இது எண்ணே இல்லையே என்று பிழைச்செய்தி கொடுத்து, மொத்தத் தேடலையும் நிறுத்திவிடும். அதனால் சில கட்டங்களின் கூச்சலைக் கண்டுகொள்ளாதே என்று தனியாக ஒரு சொல் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

தேறுவது பாதி வேலை. தேறிய ஆயிரம் புத்தகங்களில் எது முதலில் வர வேண்டும்? இங்கேதான் கணக்கு உள்ளே வருகிறது, கூடவே ஒரு சமையலறைத் தவறும்.

ஒரு சொல் ஒரு புத்தகத்தில் அதிகம் வந்தால் அந்தப் புத்தகம் அந்தச் சொல்லைப் பற்றியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நூறு முறை வந்தால் நூறு மடங்கு பொருத்தம் என்று ஆகிவிடாது. சாம்பாரில் முதல் சிட்டிகை உப்பு செய்கிற வேலையைப் பத்தாவது சிட்டிகை செய்யாது. லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தின் ஒக்காபி ஆய்வுத் திட்டத்தில் ஸ்டீபன் ராபர்ட்சன் குழுவினர் 1990களில் உருவாக்கிய பிஎம்25 சூத்திரம் இதற்கு ஒரு வளைவு வைத்திருக்கிறது. எளிமைப்படுத்திச் சொன்னால், சொல் வந்த எண்ணிக்கையை, அதே எண்ணிக்கையோடு 1.2 கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். ஒரு முறை வந்தால் 0.455. மூன்று முறை வந்தால் 0.714. பத்து முறைக்கு 0.89. எத்தனை முறை வந்தாலும் 1ஐத் தொடாது.

இப்போது 'நெல் பூச்சி' என்று ஒரு விவசாயி தேடுகிறார். முதல் புத்தகத்தில் தலைப்பிலும் பொருளிலும் குறிப்புரையிலும் 'நெல்' தலா ஒரு முறை வருகிறது. பூச்சி என்ற பேச்சே இல்லை. இரண்டாவது புத்தகத்தில் தலைப்பில் 'நெல்' ஒரு முறை, குறிப்புரையில் 'பூச்சி' ஒரு முறை. அவருக்கு எது வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. கட்டத்துக்குக் கட்டம் தனித்தனியாக மதிப்பெண் போட்டுக் கூட்டினால் முதல் புத்தகத்துக்கு மூன்று 0.455, அதாவது 1.36. இரண்டாவதற்கு இரண்டு 0.455, அதாவது 0.91. பூச்சியே இல்லாத புத்தகம் ஜெயித்துவிட்டது.

தவறு எங்கே? ஒரே அடுப்பில் மூன்று பேர் சமைக்கிறார்கள். ஒருவர் உப்புப் போட்டது மற்றவருக்குத் தெரியாது. மூவரும் 'முதல் சிட்டிகை' போட்டார்கள். ஒவ்வொருவர் கணக்கிலும் அளவு சரி. வாயில் வைக்க முடியவில்லை. வளைவு ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் தனியாக வேலை செய்கிறதே தவிர, 'நெல்' ஏற்கெனவே போதுமான அளவு வந்துவிட்டது என்று கட்டங்கள் தமக்குள் பேசிக்கொள்வதில்லை.

இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும், எந்தக் கட்டத்தில் அதிக மதிப்பெண் வந்ததோ அதை மட்டும் எடுத்துக்கொள். மற்றக் கட்டங்கள் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கை மட்டும் அதோடு சேர். டிஸ்மேக்ஸ் என்று இதற்குப் பெயர்; சோலர் என்ற தேடுபொறியை வைத்துத் தளம் நடத்துகிறவர்களுக்கு இது அன்றாடச் சொல். நம் எடுத்துக்காட்டில் முதல் புத்தகம் 0.55க்கு இறங்கிவிடும், இரண்டாவது 0.91லேயே நிற்கும். அந்தப் பத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் திடமான பதில் கிடையாது. போட்டுப் பார்த்தார்கள், வேலை செய்தது. கைவைத்தியம் என்பதால் நான் இதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஏராளமான கடைத் தளங்கள் இதை நம்பித்தான் வியாபாரம் செய்கின்றன.

முறையான மருந்தை 2004ல் ராபர்ட்சனும் ஹ்யூகோ சராகோசாவும் மைக்கேல் டெய்லரும் எழுதினார்கள். படிக்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றும். மதிப்பெண்களைக் கூட்டாதே, எண்ணிக்கையைக் கூட்டு. 'நெல்' மூன்று கட்டங்களில் மொத்தம் மூன்று முறை வந்தது. அந்த மூன்றை எடுத்து வளைவுக்குள் ஒரே ஒரு முறை செலுத்து: 0.714. இரண்டாவது புத்தகம் 0.91. சரியான புத்தகம் மேலே வந்துவிட்டது. தலைப்புக்கு அதிக மதிப்பு வேண்டுமா? தலைப்பில் வந்த ஒரு 'நெல்'லை மூன்று 'நெல்' என்று எண்ணிக்கொள். தலைப்பை மூன்று முறை நகலெடுத்துப் புத்தகத்தோடு ஒட்டியதற்கு அது சமம். முதலில் கூட்டிப் பிறகு வளைப்பதா, முதலில் வளைத்துப் பிறகு கூட்டுவதா என்ற வரிசையைத் தவிர வேறு ஒன்றும் மாறவில்லை. பிஎம்25எஃப் என்று பெயர் பெற்ற இந்த யோசனை எலாஸ்டிக்சர்ச்சில் தனிக் கட்டளையாக இடம்பெற 2021 ஆகிவிட்டது. பதினேழு ஆண்டுகள். கைவைத்தியம் நன்றாக வேலை செய்தால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவோம் அல்லவா?

இன்னொரு கோணல் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 'அருமை' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்: அரிதாக இருப்பது, மதிப்பு மிக்கது. 1972ல் இங்கிலாந்தின் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் தேடல் துறைக்குக் கொடுத்த கொடை இந்த இரண்டு பொருளையும் இணைக்கும் ஒரு கணக்கு. எந்தச் சொல் குறைவான ஆவணங்களில் வருகிறதோ, அதற்கு மதிப்பு அதிகம். 'கதை' ஆயிரம் புத்தகத்தில் இருக்கும். 'புளியமரம்' ஐந்தாறில் இருக்கும். ஆகவே புளியமரத்தைப் பிடித்துக்கொள். இன்றுவரை இதை யாரும் அசைக்கவில்லை.

கட்டங்கள் வந்ததும் இந்த அருமைக் கணக்கு தடுமாறுகிறது. ஒரு லட்சம் புத்தகங்கள் உள்ள நூலகம் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் கட்டத்தில் 'கல்கி' 500 புத்தகங்களில் இருக்கிறது. தலைப்புக் கட்டத்தில் 10 புத்தகங்களில் மட்டும். மொத்தத்தை எண்ணிக்கையால் வகுத்து மடக்கை எடுத்தால் ஆசிரியர் கட்டத்தில் கல்கியின் மதிப்பு 2.3, தலைப்புக் கட்டத்தில் 4. இதன் விளைவு என்ன தெரியுமா? 'கல்கி' என்று தேடினால், அவரைப் பற்றி வேறு யாரோ எழுதிய புத்தகம் மேலே வரும். அவரே எழுதியவை கீழே போகும். நிறைய எழுதியதற்கும், நிறையப் பதிப்புகள் கண்டதற்கும் அவருக்கு அபராதம். எந்த இடத்தில் ஒரு சொல் இயல்பாக இருக்க வேண்டுமோ அங்கே அது மலிவு. எங்கே தற்செயலாக வந்ததோ அங்கே விலை அதிகம். கட்டங்களைத் தனித் தீவுகளாக நடத்தினால் வருகிற வினை. எல்லாக் கட்டங்களுக்கும் சேர்த்து ஒரே விலை வைத்துவிட்டால் கோணல் நிமிர்ந்துவிடும்: எந்தக் கட்டத்தில் அதிகம் காணப்படுகிறதோ அந்த 500ஐயே தலைப்புக்கும் எடுத்துக்கொள், இரண்டு இடத்திலும் 2.3.

இனி என் புளியமரத்துக்கு வருகிறேன். அந்த நூலகத்தின் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் ஒருநாள் அமைப்புக் கோப்பைத் திறந்து காட்டினார். தலைப்பு, பொருள், குறிப்புரைக் கட்டங்களுக்கு ஒரு வடிகட்டி போட்டிருந்தார்கள். ஒரு, அந்த, இந்த, மற்றும் என்பது போல எங்கும் மலிந்து கிடக்கிற சொற்களை அது நீக்கிவிடும். தேடல் உலகில் வெகுகாலமாக உள்ள வழக்கம் அது. நினைவகம் விலை அதிகமாக இருந்த காலத்தின் சிக்கனம். ஆசிரியர், பதிப்பகக் கட்டங்களுக்கு வடிகட்டி இல்லை. பெயரில் எதை நீக்குவது? அதுவும் நியாயம்தான்.

இரண்டு நியாயங்களும் சந்தித்த இடத்தில் என் தேடல் மாட்டிக்கொண்டது. கேள்வி நெடுக்கே விரிந்தது. 'சுந்தர' எங்கேனும் இருக்கிறதா? ஆசிரியர் கட்டத்தில் இருக்கிறது. 'ராமசாமி'? இருக்கிறது. 'புளியமரத்தின்', 'கதை'? தலைப்பில் இருக்கின்றன. 'ஒரு'? தலைப்பு, பொருள், குறிப்புரைக் கட்டங்கள் தம் வடிகட்டியால் இந்தக் கேள்வியை வாசலிலேயே விழுங்கிவிட்டன. ஆகவே அந்தச் சொல்லுக்குக் கீழே மிஞ்சியவை ஆசிரியர், பதிப்பகம் என்ற பெயர்க் கட்டங்கள்தாம். எல்லாச் சொல்லும் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை, 'ஒரு' என்பது ஆசிரியர் பெயரிலோ பதிப்பகத்தின் பெயரிலோ இருந்தாக வேண்டும் என்று உருமாறிவிட்டது. இந்தப் புத்தகத்தின் ஆசிரியர் பெயரிலும் பதிப்பகத்தின் பெயரிலும் 'ஒரு' இல்லாததால், முடிவுகள் 0.

"இது எங்களுக்கு மட்டும் வர்ற பிரச்சினை இல்ல சார்" என்றார் இளைஞர். உண்மை. ஆங்கிலத்தில் 'தி' என்ற சொல்லால் சோலர் பயனர்கள் ஆண்டுக்கணக்கில் அடிபட்டிருக்கிறார்கள். சில கட்டங்கள் ஒரு சொல்லை விழுங்கி, சில விழுங்காவிட்டால் நிபந்தனையைத் தானாகத் தளர்த்திக்கொள் என்று சொல்வதற்கே பிற்பாடு ஒரு விசை வைத்தார்கள். நம் இளைஞர் அதைத் தேடவில்லை. வடிகட்டியையே கழற்றிவிட்டார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற ஜெயகாந்தன் தலைப்பில் 'சில'வை நீக்கினால் மிச்சம் என்ன? மலிவான சொல்லுக்கு மலிவான விலை போட ஸ்பார்க் ஜோன்ஸ் கணக்கே போதும். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டியதில்லை.

வடிகட்டியோடு தமிழின் தொல்லை தீர்ந்துவிடாது. வாசகர் 'புளியமரம்' என்று தேடுவார். தலைப்பில் இருப்பது 'புளியமரத்தின்'. வேற்றுமை உருபை வெட்டி, 'அத்து' சாரியையை மீண்டும் 'அம்' ஆக்கித் தருகிற நிரல் தலைப்புக்கும் குறிப்புரைக்கும் கட்டாயம் தேவை. அதே நிரலை ஆசிரியர் கட்டத்தில் அவிழ்த்துவிட்டால், 'இல்' என்ற உருபைக் கண்டதும் வெட்டுகிற பழக்கத்தில் 'செந்தில்' என்ற பெயரில் கை வைத்துவிடும். கட்டத்துக்குக் கட்டம் வேறு விதி வேண்டும். விதி வேறானால் வாசகர் கொடுத்த ஒரே சொல் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வேறு வேறு உருவத்தில் நுழைகிறது. எண்ணிக்கைகளைக் கூட்டு, விலையைப் பொதுவாக வை என்று மேலே சொன்ன மருந்துகள் எல்லாம் எங்கும் ஒரே சொல்தான் இருக்கிறது என்று நம்பிச் செய்தவை. எலாஸ்டிக்சர்ச்சின் புதிய கட்டளைகூட, ஒரே விதியில் சொல் பிரிக்கிற கட்டங்களை மட்டும்தான் ஒன்றாகச் சேர்க்கும். தமிழுக்கு அது அரை உதவி. பலர் செய்வது என்னவென்றால், தலைப்பை இரண்டு முறை சேமிப்பது: வெட்டாமல் ஒன்று, வெட்டி ஒன்று. வெட்டாதது ஆசிரியர் கட்டத்தோடு கூட்டுச் சேரும். வெட்டியது தனியாக நின்று கொசுறு மதிப்பெண் கொடுக்கும்.

இளைஞர் அப்படித்தான் செய்தார். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, இப்போது தேடிப் பாருங்கள் என்றார். முழுப் பெயரையும் 'ஒரு'வோடு தட்டினேன். முதல் வரியில் வந்தது. அவர் முகத்தில் வெளிச்சம். நான் சும்மா இருந்திருக்கலாம். நண்பர்களுக்குள் சுந்தர ராமசாமியைச் சொல்கிற வழக்கப்படி 'சுரா' என்று மட்டும் தட்டினேன். ஆசிரியர் கட்டம் அப்படி யாரும் இல்லை என்றது. பதிப்பகக் கட்டம் கை தூக்கியது. திரை நிறைய சுரா புக்ஸ் வெளியிட்ட போட்டித் தேர்வு வழிகாட்டிகள் வந்து நின்றன. இளைஞர் மறுபடி அமைப்புக் கோப்பைத் திறந்தார்.